பழைய தமிழ் ஃபைலைத் திறந்தால் புரியாத குறிகளா? அழித்துவிடாதீர்கள்: மீட்பது எப்படி?

பள்ளி ஆண்டு மலர், ஆலயக் குடமுழுக்கு மலர், தோட்டத்து இளைஞர் மன்றத்தின் உறுப்பினர் பட்டியல், தாத்தா எழுதி வைத்த குடும்ப வரலாறு. 1990-களிலும் 2000-களிலும் கணினியில் தட்டச்சு செய்த இப்படிப்பட்ட ஆவணம் ஒன்று உங்கள் வீட்டுப் பழைய சிடியிலோ பென் டிரைவிலோ கிடக்கலாம்.

அதை இன்றைய கணினியில் திறந்து பாருங்கள். 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். இன்னும் சில ஃபைல்களில் முக்கால் குறி, சென்ட் குறி, தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் என்று என்னென்னவோ வரும்.

"வைரஸ் தாக்கிடுச்சு", "ஃபைல் கெட்டுப் போச்சு" என்று சொல்லி அங்கேயே அழித்துவிடுபவர்கள் உண்டு. பெரும்பாலான நேரங்களில் ஃபைல் கெட்டிருக்காது. அதைப் படிப்பதற்கான சாவிதான் காணாமல் போயிருக்கும். அந்தச் சாவி என்ன, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்று பார்ப்போம்.

ஃபைல் நன்றாக இருக்கிறது என்றால் ஏன் படிக்க முடியவில்லை?

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணாகத்தான் ஃபைலுக்குள் போகிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணைக்குப் பெயர் குறியாக்கம், அதாவது என்கோடிங்.

எடுத்துக்காட்டாக, 107 என்ற எண்ணுக்கு ஆங்கில அட்டவணையில் சிறிய 'கே' என்று பொருள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவை உருவாக்கியபோது, அதே 107-ஆம் இடத்தில் 'ம' என்ற வடிவத்தை வரைந்து வைத்தார்கள். கணினி அதை 'கே' என்றே நினைத்துக்கொண்டிருந்தது. திரையில் மட்டும் 'ம' தெரிந்தது.

அந்த எழுத்துரு கணினியில் இருக்கும்வரை எந்தப் பிரச்சினையும் இல்லை. கணினியை மாற்றினீர்கள், எழுத்துரு கூடவே வரவில்லை என்றால் வேஷம் கலைந்துவிடும். 'ம' மறைந்து 'கே' வெளியே வந்துவிடும்.

திஸ்கி என்ற இன்னொரு முறை இதை வேறு விதமாகச் செய்தது. அதில் 'த' 190-ஆம் இடத்திலும், 'ம' 193-ஆம் இடத்திலும், 'ழ்' 250-ஆம் இடத்திலும் இருக்கும். ஐரோப்பிய அட்டவணையில் 190 என்பது முக்கால் என்ற பின்னக் குறி. அதனால்தான் திஸ்கியில் எழுதிய 'தமிழ்' இன்று முக்கால் குறியோடு தொடங்குகிறது.

ஆக, ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண்களாக எழுதி வைத்திருக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லுக்குத் திஸ்கியில் 4 எண்கள், பாமினியில் 5 எண்கள். இன்று நாம் பயன்படுத்தும் யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவத்தில் 15 பைட்டுகள்.

ஏன் இத்தனை முறைகள்?

பழைய கணினிகளில் ஓர் எழுத்துருவுக்கு இருந்தது 256 இடங்கள் மட்டுமே. அதில் முதல் 128 இடங்களை ஆங்கிலமும் கணினியின் கட்டளைக் குறிகளும் எடுத்துக்கொண்டன. மிச்சம் 128.

தமிழுக்கு 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள். ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகள் தனிக் கணக்கு. 247-ஐ 128-க்குள் அடைக்க முடியாது. எனவே எழுத்துகளைத் துண்டு துண்டாக உடைத்து, கால், கொம்பு, சுழி என்று தனித்தனியாக வைத்து, திரையில் ஒட்ட வேண்டியிருந்தது. எந்தத் துண்டை எந்த இடத்தில் வைப்பது என்பதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முடிவு எடுத்தார்கள்.

இந்த வரலாற்றில் மலேசியாவுக்கு முக்கிய இடம் உண்டு. கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' மென்பொருளை இங்கேதான் உருவாக்கினார். அது பின்னர் முரசு அஞ்சல் ஆனது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கினார். இலங்கைத் தமிழர்களிடையே பாமினி பரவியது. தமிழ்நாட்டில் பத்திரிகைகள் சில தங்களுக்கென்றே தனி முறை வைத்திருந்தன.

ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலை இன்னொருவர் படிக்க முடியாத நிலை வந்தபோதுதான் எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். 1997 மே மாதம், ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் தமிழ் இணையம் பற்றிய முதல் மாநாடு நடந்தது. மின்னஞ்சல் குழுக்களில் கூடிப் பேசிய ஆர்வலர்கள் திஸ்கியை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு டாப், டாம் என்ற இரண்டு முறைகளை அறிவித்தது. டாப் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுத, டாம் தமிழ் மட்டும் எழுத. 2001-இல் இந்த மாநாடு கோலாலம்பூருக்கும் வந்தது.

"சரி, யூனிகோடு அப்போது இல்லையா?" என்று கேட்கலாம். இருந்தது. 1991-இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரணக் கணினிகளில் அது ஓரளவு வேலை செய்தது. மலர்களையும் புத்தகங்களையும் பக்கம் அமைக்க அச்சகங்கள் பெரிதும் நம்பியிருந்த பேஜ்மேக்கர், கடைசிப் பதிப்புவரை யூனிகோடு தமிழைப் புரிந்துகொள்ளவே இல்லை. அதனால் யூனிகோடு வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அச்சுக்குப் போன தமிழ் பழைய முறைகளிலேயே போனது.

ஜொகூருக்கு இது ஏன் முக்கியம்?

ஜொகூரில் சுமார் 70 தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. பல பள்ளிகள் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் தொடங்கியவை. அந்தத் தோட்டங்களில் சில இன்று குடியிருப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. 2006-இல் இஸ்கண்டார் மலேசியா மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிய பிறகு தென் ஜொகூரில் இந்த மாற்றம் வேகம் எடுத்தது.

தோட்டம் போனாலும், அங்கே யார் இருந்தார்கள், ஆலயத்தை யார் கட்டினார்கள், பள்ளியில் யார் படித்தார்கள் என்பது மலர்களிலும் கூட்டக் குறிப்புகளிலும் இருக்கும். அச்சிட்ட பிரதி இருந்தால் நல்லது. ஆனால் 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் உள்ளிட்ட பகுதிகளை மூழ்கடித்த வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். காகிதம் தண்ணீருக்குத் தாங்காது. அப்படிப் போன வீடுகளிலும் அலுவலகங்களிலும், எங்கோ ஒரு பென் டிரைவில் இருக்கும் அந்தப் 'புரியாத ஃபைல்'தான் ஒரே பிரதியாக இருக்கக்கூடும்.

பூட்டு ஒன்று அல்ல, இரண்டு

பழைய ஃபைலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பெட்டி. ஃபைல் பெயரின் கடைசியில் டாக், ஆர்டிஎஃப், டிஎக்ஸ்டி, பிஎம்டி என்று இருக்குமே, அதுதான். எந்த மென்பொருளால் திறக்கலாம் என்பதை அது சொல்லும்.

இரண்டாவது, பெட்டிக்குள் இருக்கும் எழுத்தின் குறியாக்கம். அது பாமினியா, திஸ்கியா, அஞ்சலா என்பதைப் பெட்டியின் பெயர் சொல்லவே சொல்லாது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். "டாக் ஃபைலை பிடிஎஃப் ஆக மாத்தினேன், அப்பவும் படிக்க முடியல" என்றால், பெட்டியை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள் என்று பொருள்.

பெட்டிகளில் எது எப்படி என்று சுருக்கமாக:

- டாக், ஆர்டிஎஃப்: இவை நல்ல பெட்டிகள். எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கும். இன்றைய வேர்டிலும் லிப்ரே ஆஃபிஸிலும் திறக்கலாம்.
- டிஎக்ஸ்டி: வெறும் எண்கள் மட்டும். எழுத்துருவின் பெயர் இருக்காது. குறியாக்கத்தை நாம்தான் ஊகிக்க வேண்டும்.
- பிஎம்டி, பி65: பேஜ்மேக்கர் ஃபைல்கள். இன்டிசைன் சிஎஸ்6 வரைதான் இவற்றைத் திறக்கும், அதற்குப் பிந்தைய இன்டிசைன் திறக்காது. லிப்ரே ஆஃபிஸின் டிரா செயலி 4.4 பதிப்பிலிருந்து இவற்றைத் திறக்க முயலும். பக்க அமைப்பு கலைந்து போகலாம், எழுத்தை வெளியே எடுத்துவிடலாம்.

முகத்தைப் பார்த்தே அடையாளம் காணலாமா?

பெரும்பாலும் முடியும். முதலில் செய்ய வேண்டியது, வேர்டில் அந்த வரியின் மேல் கிளிக் செய்து, மேலே எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்ப்பது. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் மட்டும் அங்கே நிற்கும். அதுதான் நாம் தேடும் சாவி. உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர் இல்லை என்றால், கலைந்த எழுத்தின் தோற்றத்தைக் கவனியுங்கள்:

- வெறும் ஆங்கில எழுத்துகள், இடையிடையே ஏராளமான அரைப்புள்ளிகள்: பாமினி அல்லது அதைப் பின்பற்றிய எழுத்துரு. பாமினியில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. தமிழில் மெய் அடிக்கடி வரும் என்பதால் அரைப்புள்ளியும் அடிக்கடி வரும்.
- முக்கால் குறி, சென்ட் குறி, தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள்: திஸ்கி, டாப், அஞ்சல் போன்ற முறைகளில் ஒன்று. எது என்பதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.
- தலையில் சாய்கோடு போட்ட சிறிய 'ஏ', அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', இந்த ஜோடி திரும்பத் திரும்ப: இது பழைய முறையே இல்லை, சுத்தமான யூனிகோடு. திறந்த மென்பொருள்தான் தவறாகப் படிக்கிறது. யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறந்தால் சரியாகிவிடும். எக்செல்லில் சிஎஸ்வி ஃபைல் இப்படி வந்தால், டேட்டா பகுதி வழியாக இறக்குமதி செய்து 65001 என்ற குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள்.
- வரிசையாகக் கட்டம் கட்டமாக: பெரும்பாலும் எழுத்து பத்திரமாக இருக்கிறது, அதைக் காட்டும் எழுத்துருதான் இல்லை. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து அறிவித்த டேஸ்-16 முறையில் எழுதியதும், அதற்குரிய எழுத்துரு இல்லாவிட்டால் இப்படித் தெரியலாம்.
- எல்லாமே கேள்விக்குறி: இது மட்டும்தான் கெட்ட செய்தி. யூனிகோடு தமிழை யாரோ தவறான முறையில் சேமித்ததால் எண்களே கேள்விக்குறியாகிவிட்டன. இந்தப் பிரதியிலிருந்து மீட்க முடியாது. வேறு பிரதியைத் தேடுங்கள்.

சரி, எப்படி மாற்றுவது?

1. முதலில் பிரதி எடுங்கள். மூல ஃபைலைத் தொடவே வேண்டாம். மூடும்போது "மாற்றங்களைச் சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். குறிப்பாக, டாக் ஃபைலை டிஎக்ஸ்டி ஆகச் சேமித்துவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். எழுத்துருவின் பெயர் அத்தோடு போய்விடும்.

2. எழுத்துருவையும் எடுங்கள். பழைய கணினி இன்னும் உயிரோடு இருந்தால், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்துரு கையில் இருந்தால் ஃபைலை உடனே படித்துவிடலாம்.

3. ஒரு பத்தியை மட்டும் சோதியுங்கள். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி, நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் கன்வெர்ட்டர், முரசு அஞ்சலோடு வரும் மாற்றி போன்றவை இதற்கென்றே உருவானவை. பத்தியை ஒட்டி, சந்தேகப்படும் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். தவறான குறியாக்கம் என்றால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

4. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு. பைத்தான் மொழியில் ஓப்பன்-தமிழ் என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட பழைய குறியாக்கங்களை அது யூனிகோடாக மாற்றும். எந்தக் குறியாக்கம் என்று தானே ஊகிக்கும் வசதியும் உண்டு. லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் ஐகான்வ் என்ற கட்டளையைக் கொண்டே திஸ்கியை மாற்றிவிடலாம்.

5. தனிப்பட்ட விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். உறுப்பினர் பட்டியலில் அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். அதை அப்படியே முன்பின் தெரியாத இணையதளத்தில் ஒட்ட வேண்டாம். உங்கள் கணினியிலேயே இயங்கும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

மாற்றிகள் எங்கே ஏமாறும்?

மாற்றி வேலையை முடித்துவிட்டது, தமிழ் தெரிகிறது. அத்தோடு விட்டுவிடாதீர்கள். கீழே உள்ள இடங்களில் பிழை ஒளிந்திருக்கும்.

ஆங்கிலமும் மலாயும் சேர்ந்து மாறிவிடும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. எனவே ரோமன் எழுத்தில் உள்ள உண்மையான ஆங்கிலச் சொல் எது, வேஷம் போட்ட தமிழ் எது என்று மாற்றிக்குத் தெரியாது. நம் மாநிலத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி பாமினி மாற்றிக்குள் போட்டால் 'துழாழச' என்று வரும். தாமான், ஜாலான் என்று முகவரி நிறைந்த நம் ஊர் ஆவணங்களில் இது பெரிய தலைவலி. டாக் ஃபைல் இருந்தால் தப்பிக்கலாம். வேர்டில் பாமினி எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் தேடி எடுத்து மாற்றுங்கள், மற்றதை அப்படியே விடுங்கள்.

கொம்பு இடம் மாறும். 'ஜொகூர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பழைய முறைகளில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் தட்டுவார்கள்: முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்து ஜ, அடுத்து கால். யூனிகோடில் முதலில் ஜ, அதன் பிறகுதான் ஒகரக் குறி. மாற்றி இந்த வரிசையைத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் கொம்பு முந்தைய எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

'வெளி' உடைந்து போகும். பாமினி போன்றவற்றில் ஔகார எழுத்தை எழுத ஒற்றைக்கொம்பு, மெய், பிறகு ள என்று தட்டுவார்கள். 'வெளி' என்ற சொல்லின் தொடக்கமும் அதேபோல ஒற்றைக்கொம்பு, வ, ள தான். எண்களைப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. அவசரக்கார மாற்றி ஒன்று 'வெளியீடு' என்பதை 'வௌியீடு' என்று ஆக்கிவிடும். இணையத்தில் இந்தப் பிழையை நீங்களே பார்த்திருப்பீர்கள். மறுபக்கம், எதையும் ஔகாரமாக மாற்றாத மாற்றி 'கௌரி' என்ற பெயரைக் கொம்பும் ள-வும் சேர்ந்த 'கெளரி' ஆக்கிவிடும். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் கௌரி என்று தேடினால் அந்தப் பெயர் கிடைக்காது.

'இ' காணாமல் போகும். திஸ்கியில் 'இ' 173-ஆம் இடத்தில் இருக்கிறது. ஐரோப்பிய அட்டவணையில் அந்த இடம் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக்கோட்டுக்கு உரியது. சில மென்பொருள்கள் அதை விழுங்கிவிடும். 'இந்திரா' என்ற பெயர் 'ந்திரா' என்று வந்தால் காரணம் இதுதான்.

'ஸ்ரீ' இரண்டு விதம். யூனிகோடில் இந்த எழுத்தை இரண்டு வரிசைகளில் சேமிக்கலாம். ஒன்று ஸ-வில் தொடங்கும், மற்றது 2005-இல் சேர்க்கப்பட்ட ஶ என்ற எழுத்தில் தொடங்கும். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆலயப் பெயர்களில் இந்த எழுத்து அதிகம். ஜொகூர் பாருவின் கண்ணாடிக் கோயில் என்று நாம் சொல்லும் அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் ஆலயத்தின் பெயரைத் தேடும்போது சில பக்கங்கள் விடுபட்டால், இதையும் சந்தேகப்படுங்கள். ஒரு தொகுப்பு முழுவதும் ஒரே வரிசையை வைத்துக்கொள்வது நல்லது.

எனவே மாற்றி முடித்ததும் ஜொகூர், வெளி, வெள்ளி, தெளிவு, கௌரி, இந்தியா, ஸ்ரீ ஆகிய சொற்களைத் தேடிப் பாருங்கள். இவை சரியாக வந்தால் பெரும்பாலான இடங்கள் சரியாக வந்திருக்கும். ஆட்களின் பெயர்களை மட்டும் ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்த்தே ஆக வேண்டும். சாதாரணச் சொல் பிழையானால் வாசகர் ஊகித்துக்கொள்வார். பெயர் பிழையானால் அந்த ஆளையே தொலைத்துவிடுவோம்.

எந்த எழுத்துரு என்றே தெரியவில்லை என்றால்?

அப்போதும் இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, அச்சிட்ட பிரதி. ஒரே ஒரு பக்கம் கிடைத்தாலும் போதும். அதில் உள்ள தலைப்பையும் ஃபைலில் உள்ள தலைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போடுங்கள். நான்கைந்து பத்திகளுக்குள் அட்டவணையின் பெரும்பகுதி கிடைத்துவிடும். அச்சுப் பிரதி இல்லாவிட்டால், ஃபைலில் கட்டாயம் இருக்கும் சொற்களை யோசியுங்கள். பள்ளி மலர் என்றால் 'தமிழ்ப்பள்ளி', 'தலைமையாசிரியர்' ஆகிய சொற்கள் இல்லாமல் இருக்காது.

இரண்டாவது வழி, படமாக மாற்றிப் படிக்க வைப்பது. பழைய பிடிஎஃப் ஃபைல்களுக்கு இது நன்றாக உதவும். பல பிடிஎஃப்களில் எழுத்துரு உள்ளேயே பதிந்திருப்பதால் திரையில் தமிழ் அழகாகத் தெரியும், நகல் எடுத்து ஒட்டினால் மட்டும் குப்பையாக வரும். அப்படிப்பட்ட ஃபைலைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் மூலம் திறந்தால் எழுத்துகளை அது படித்துத் தரும். டெசராக்ட் என்ற இலவச மென்பொருளும் தமிழ் படிக்கும். பிழைகள் வரும், திருத்த வேண்டும். ஆனால் குறியாக்கம் என்ன என்ற கேள்வியே இங்கே எழாது.

இவ்வளவு உழைப்பு வேண்டுமா? யாராவது செய்திருக்கிறார்களா?

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். பழந்தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வழங்கும் முயற்சி அது. அதை வழிநடத்தியவர்களில் ஒருவர், மேலே சொன்ன மயிலை எழுத்துருவை உருவாக்கிய அதே கல்யாணசுந்தரம். திஸ்கியில் இருந்த அதன் நூல்கள் பின்னர் யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. இன்று நீங்கள் கைப்பேசியில் ஒரு சங்கப் பாடலைத் தேடிப் படிக்க முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் இந்த மாற்றும் வேலையும் இருக்கிறது.

இலக்கியத்துக்கு உலகம் முழுக்க ஆர்வலர்கள் கிடைத்தார்கள். குளுவாங்கிலோ மாசாயிலோ ஒரு தோட்டத்துப் பள்ளியின் மலரை மாற்றித் தர வெளியிலிருந்து யாரும் வரமாட்டார்கள். அதை அந்தப் பள்ளியில் படித்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் செய்ய வேண்டும்.

மாற்றிய பிறகு எப்படி வைத்திருப்பது?

- மூல ஃபைலையும் எழுத்துருவையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். மாற்றத்தில் பிழை இருப்பது பின்னர் தெரிந்தால், திரும்பிப் போக வழி வேண்டும்.
- மாற்றிய எழுத்தை யூடிஎஃப்-8 வடிவில் ஒரு டிஎக்ஸ்டி ஃபைலாகவும், பக்கத் தோற்றத்தைப் பாதுகாக்க ஒரு பிடிஎஃப் ஆகவும் சேமியுங்கள்.
- என்ன ஆவணம், எந்த ஆண்டு, எந்த எழுத்துரு, எந்தக் கருவியால் மாற்றியது, யார் சரிபார்த்தது என்று நான்கு வரியில் ஒரு குறிப்பு எழுதி அதே ஃபோல்டரில் போடுங்கள். அடுத்து வருபவருக்கு நீங்கள் விட்டுச் செல்லும் சாவி அது.
- குறைந்தது இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று வீட்டில், மற்றொன்று இணையச் சேமிப்பிலோ வேறு ஊரில் உள்ள உறவினரிடமோ.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்தக் காலத்தில் இதைத் தட்டச்சு செய்த ஆசிரியரோ, ஆலயச் செயலாளரோ, அச்சக ஊழியரோ இன்னும் உங்கள் ஊரில் இருக்கலாம். "எந்த ஃபாண்ட்டுல அடிச்சீங்க?" என்று இந்த வாரமே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். மணிக்கணக்காகச் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டியதை, அவர் ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்.